ஸ்டூர் ஆற்றங்கரை ஓவியங்கள்: கான்ஸ்டபிளின் நிலமும் உரிப்பொருளும்

1. தோற்றுவாய்

ஓர் ஓவியர் தாம் பிறந்த ஊரின் ஆற்றையும் வயலையும் கோபுரத்தையும் தீட்டினார் எனின், அவர் கண்டதைக் கண்டவாறே தீட்டினார் என்று கூறி அமைதல் எளிது. கூறுவோர்க்கு உழைப்பில்லை, கேட்போர்க்கும் ஐயமில்லை. ஆயின் அக்கூற்று ஓவியத்தைப் பற்றி ஒன்றும் உணர்த்துவதில்லை. நம் இலக்கிய ஆராய்ச்சியிலும் இக்குறை உண்டு. சங்கப் பாட்டில் இயற்கை மனித உணர்வுக்கு நிலைக்களனாக அமைதலை மு. வரதராசனார் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில நூலிலும், தனிநாயக அடிகள் 1966ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில நூலிலும் விரித்துக் காட்டினர். அவர்கள் வகுத்த நெறியிற் பின் வந்தோர் பலர், மரம் இத்தனை, பறவை இத்தனை எனத் தொகுத்தெண்ணுவதோடு நின்றுவிட்டனர். தொகுத்தல் ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று.

முதல், கரு, உரி என நம் முன்னோர் வகுத்த பகுப்பு, பட்டியல் இடுதற்கு உரிய கருவி அன்று. ஒரு கலைப்படைப்பை வினவுதற்கு உரிய கருவி என்பது என் கருத்து. அதனை நம் இலக்கியத்திற்குப் புறத்தே ஒருகால் ஆய்ந்து பார்த்தல் நன்று. இங்கிலாந்து நாட்டு ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் (1776-1837) இவ்வாய்வுக்குப் பெரிதும் ஏற்றவர். தம் ஊர்ப்புறத்தையே வாழ்நாளெல்லாம் மீண்டும் மீண்டும் தீட்டியவர் அவர். திணைக் கோட்பாடு அவருக்குத் தெரியாது, தெரிந்திருத்தற்கு வழியுமில்லை. ஆகவே தாக்கம் எதனையும் ஈண்டு நாம் தேடவில்லை. நம் வினாக்கள் அவர் ஓவியத்தில் எதனை வெளிப்படுத்துகின்றன, எவ்விடத்தில் பொருந்தாது நிற்கின்றன என்பவற்றையே காண முயல்கின்றோம்.

2. நிலமும் ஓவியரும்

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக், எசெக்ஸ் என்னும் இரு மாவட்டங்களுக்கு எல்லையாக ஸ்டூர் என்னும் சிற்றாறு ஓடுகின்றது. அதன் வடகரைக்கு அணித்தேயுள்ள கிழக்கு பெர்கோல்ட் என்னும் ஊரில் 1776ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் கான்ஸ்டபிள் பிறந்தார். தந்தை கோல்டிங் கான்ஸ்டபிள் தானிய வணிகர். ஃபிளாட்ஃபோர்டிலும் டெடமிலும் இருந்த நீராலைகள் அவருடையன. கோதுமை ஆலையில் மாவாகி, சரக்குப் படகேறி, ஆற்றின் வழியே கடல்முகம் சென்று இலண்டனை அடையும். படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் இழுக்கும். நீர்மட்டம் மாறுமிடங்களில் படகை ஏற்றியிறக்கும் மதகுகள் இருந்தன.

இளமையில் கான்ஸ்டபிள் ஓராண்டளவு தந்தையின் தொழிலிற் பழகினார். காற்றாலையில் பணிபுரிவோன் நாள்தோறும் வானத்தை நோக்கியே ஆகவேண்டும். காற்றின் திசையும் முகிலின் செலவும் அவனுக்குத் தொழில் அறிவாகும். இப்பயிற்சி பின்னாளில் ஓவியர்க்குப் பயன்பட்டது. 1799ஆம் ஆண்டில் அவர் இலண்டன் அரச கலைக்கழகப் பள்ளியிற் சேர்ந்தார். மூன்றாண்டுகட்குப் பின், ஊரிலிருந்த நண்பர் ஜான் டன்தார்னுக்கு எழுதிய மடலில், பிறர் தீட்டிய படங்களின் பின்னே ஓடி உண்மையை இரண்டாம் கையாற் பெற முயன்றதைத் தம் பிழையாக ஒப்புக்கொண்டு, ஊர் திரும்பி இயற்கையினிடமே பயிலத் துணிந்ததைத் தெரிவித்தார்.

1806ஆம் ஆண்டில் அவர் வடக்கேயுள்ள ஏரி மாவட்டத்திற்குச் சென்றார். மலையும் ஏரியும் செறிந்த அந்நிலத்தை அக்காலத்து ஓவியரும் புலவரும் தேடிச் சென்று போற்றினர். கான்ஸ்டபிளும் அங்குப் பல படங்கள் வரைந்தார். ஆயினும் மலைகளின் தனிமை தம் உள்ளத்தை அழுத்தியது என அவர் கூறியதாக, அவர் வரலாற்றை 1843ஆம் ஆண்டில் வெளியிட்ட நண்பர் சார்லஸ் இராபர்ட் லெஸ்லி குறிக்கின்றார். ஊரும் தோட்டமும் கோயிலும் ஆலையும் மனிதரும் இல்லாத நிலம் அவர்க்கு நிலமாகத் தோன்றவில்லை. அவர் நாடியது அழகிய நிலத்தை அன்று, வாழப்பட்ட நிலத்தை.

3. பொழுது

நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள். இயற்கையைப் பற்றிப் பேசுவோர் பலர் நிலத்தைச் சொல்லிப் பொழுதை விட்டுவிடுவர். கான்ஸ்டபிளின் தனிச்சிறப்போ பொழுதிலேயே உளது.

1821, 1822 ஆகிய ஆண்டுகளில், இலண்டனுக்கு வடக்கேயுள்ள ஹாம்ஸ்டெட் மேட்டில் இருந்துகொண்டு அவர் வானத்தை மட்டும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பழகினார். 1822ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 50 வானப் படங்கள் தீட்டியதாக அவரே எழுதியுள்ளார். அவற்றுட் பலவற்றின் பின்புறத்தில் நாள், மணி, காற்றின் திசை, மழைக்குறி ஆகியன குறிக்கப்பட்டுள்ளன. லூக் ஹோவர்டு என்பார் முகில்களை வகைப்படுத்திப் பெயரிட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. அவ்வறிவியலை விளக்கிய தாமஸ் ஃபார்ஸ்டரின் நூலைக் கான்ஸ்டபிள் ஓரக்குறிப்புகளோடு கற்றிருந்தார்.

எனினும் அவர் வானத்தை அறிவியற் பொருளாக மட்டும் கருதவில்லை. 1821ஆம் ஆண்டு அக்டோபரில் தம் நெருங்கிய நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதிய மடலில், நிலக்காட்சி ஓவியத்தில் உணர்வைத் தாங்கும் தலையாய உறுப்பு வானமே என்னும் கருத்தை வற்புறுத்தினார். இதனை ஏலாதவரும் இருந்தனர். அந்நண்பரின் உறவினரும் சாலிஸ்பரி ஆயருமான மற்றொரு ஜான் ஃபிஷர், 1823ஆம் ஆண்டில் தமக்காகத் தீட்டப்பெற்ற சாலிஸ்பரிப் பேராலய ஓவியத்தில் கருமுகில் இருத்தலை விரும்பவில்லை. தெளிந்த வானமே வேண்டினார். ஆயர்க்குக் கோபுரம் பொருள், வானம் பின்புலம். ஓவியர்க்கு அவ்விரண்டும் பிரிக்க இயலாதன. நிலம் நிற்பது, பொழுது செல்வது. செல்வதன் கீழ் நிற்பதைக் காட்டுதலே தம் பணி என அவர் கொண்டார்.

4. கரு

நம் இலக்கணம் கருப்பொருளாக எண்ணும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், தொழில் முதலியவற்றுள் பலவும் கான்ஸ்டபிளின் படங்களில் உள்ளன. அவற்றை எண்ணுதல் நம் நோக்கமன்று. அவற்றின் இயல்பையே நோக்குதல் வேண்டும்.

1825ஆம் ஆண்டில் காட்சிக்கு வந்த ‘தாவும் குதிரை’ என்னும் பெரும்படத்தில், படகிழுக்கும் குதிரையொன்று மரத்தடுப்பைத் தாண்டுகின்றது. போர்க்குதிரையின் வீரத் தாவல் போல அது தோன்றினும், உண்மை வேறு. கால்நடைகள் ஒருவர் நிலத்தினின்று மற்றொருவர் நிலத்திற் புகாவாறு ஸ்டூர்க் கரைவழியில் தடுப்புகள் இடப்பட்டிருந்தன. அவற்றைத் தாண்டுமாறு குதிரைகள் பழக்கப்பட்டிருந்தன. அவ்வூர்த் தொழில்முறையை அறிந்தோரே இக்காட்சியைப் படைத்தல் இயலும்.

1826ஆம் ஆண்டின் ‘விளைவயல்’ என்னும் ஓவியமும் நோக்கத்தக்கது. கான்ஸ்டபிள் சிறுவராக இருந்தபோது டெடம் பள்ளிக்கு நடந்து சென்ற வழியே இதிற் காணும் ஒற்றையடிப் பாதை. இதனைத் தீட்டும்போது, சூலைத் திங்களில் அத்தகைய இடத்தில் எவ்வெச் செடிகள் பூக்கும் என்பதை ஹென்றி ஃபிலிப்ஸ் என்னும் செடிநூலறிஞர் அவருக்கு மடலில் எழுதித் தெரிவித்தார். ஒரு பூவும் பருவம் தவறாதிருக்க வேண்டும் என்பதில் இருந்த கவனம் இதனாற் புலனாகும். இதே ஓவியத்தின் தொலைவில் ஒரு சிறு கோயில் தெரிகின்றது. அக்கோயில் அவ்விடத்தில் என்றும் இருந்ததில்லை என அவர்தம் மகனே பின்னாளில் தெரிவித்தார்.

பூவில் பிழை பொறாதவர் கோயிலைப் புனைந்தது ஏன்? இவ்வினாவே கண்டதைக் கண்டவாறு தீட்டினார் என்னும் கூற்றை வீழ்த்துகின்றது. பூ பருவத்திற்குக் கட்டுப்பட்டது. அதை மாற்றினால் பொழுது பொய்யாகும். கோயிலோ பாதை சென்று சேரும் இடமாய், கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஓர் எல்லையாய் வேண்டப்பட்டது. இடப்படம் வரைவோன் இவ்வாறு செய்யின் குற்றம். ஓவியர் செய்யின் அஃது அமைப்பு. இல்லதைப் புனைதலும் உலகத்து இயல்போடு இயைத்தலும் ஒரு படைப்பினுள் சேர்ந்து நிற்றல் நமக்குப் புதிதன்று. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே புலனெறி வழக்கம் என நாம் கற்றுள்ளோம்.

5. பெயர் நீக்கிப் பொழுது கூறல்

கான்ஸ்டபிளின் ஓவியங்களுள் உலகறிந்தது, 1821ஆம் ஆண்டில் காட்சிக்கு வந்து இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள ‘வைக்கோல் வண்டி’. வைக்கோல் என்பது நமக்கு நெற்றாளையே குறிக்குமாதலின் உலர்புல் வண்டி என்பதே பொருத்தமான மொழிபெயர்ப்பு. ஏறத்தாழ 130 செண்டிமீட்டர் உயரமும் 185 செண்டிமீட்டர் அகலமும் கொண்ட அக்கித்தானில், ஃபிளாட்ஃபோர்டு ஆலைக்கு அருகில் ஆழமற்ற நீரில் ஒரு வண்டி நிற்கின்றது. வண்டியிற் பாரம் இல்லை. இடப்புறம் வில்லி லாட் என்னும் உழவர் வாழ்ந்த வீடு. வலப்புறம் எசெக்ஸ் பக்கத்துப் புல்வெளி. வெளியின் கோடியில் புல்லறுப்போர் சிறு புள்ளிகளாய்த் தெரிகின்றனர். கரையில் ஒரு நாய்.

இவ்வளவு திட்டமான இடத்தைத் தீட்டியவர் அதன் பெயரைக் கூறவில்லை. அரச கலைக்கழகக் காட்சியில் இதற்கு அவர் இட்ட பெயர் ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்பதே. அதற்கு முந்தைய ஆண்டில் ஸ்ட்ராட்ஃபோர்டு ஆலையைத் தீட்டிய படமும் ‘நிலக்காட்சி’ என்னும் பெயரோடுதான் வெளிப்பட்டது. எல்லாப் படங்களும் இவ்வாறு அல்ல. 1819ஆம் ஆண்டில் வந்த ‘வெள்ளைக் குதிரை’யின் தலைப்பில் ஸ்டூர் ஆற்றின் பெயர் உண்டு. ஆயினும் ‘வைக்கோல் வண்டி’யில் ஊர்ப்பெயரை நீக்கிப் பொழுதைக் கூறியமை சிந்திக்கத்தக்கது.

அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது நம் மரபு. அதன் பயன் யாது? ஒருவர்க்கு நேர்ந்த செய்தி எல்லார்க்கும் உரிய உணர்வாதற்குப் பெயர் தடையாகும். கான்ஸ்டபிளின் செயலிலும் இத்தகைய பயன் விளைந்தது. 1824ஆம் ஆண்டில் இவ்வோவியம் பாரிஸ் நகரக் காட்சியில் வைக்கப்பட்டு, பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸின் பொற்பதக்கம் பெற்றது. ஓவியர் தெலக்ருவா இதனைக் கண்டு தம் பெரும்படம் ஒன்றன் பகுதிகளைத் திருத்தினார் என்பர். அவர்கட்கு ஃபிளாட்ஃபோர்டு எங்குள்ளது என்பது தெரிய வேண்டியதில்லை. நண்பகலின் ஈரவொளி அவர்களை எட்டியது.

6. உரி

முதல், கரு, உரி மூன்றும் சொல்லிய முறையிற் சிறந்தன என்பதும், அவற்றுள் உரிப்பொருளே மயங்காது நிற்பது என்பதும் இலக்கண நூலார் கொள்கை. கான்ஸ்டபிளின் உரிப்பொருள் யாது?

ஆறு, வயல், ஆலை, எருது, உழவர் எனக் கருப்பொருளை மட்டும் நோக்கி, இது மருதம் என்று பெயரிட்டு முடித்தல் கூடும். மாணவர் ஆய்வேடுகளில் இத்தகைய பெயரீட்டை நான் பலகால் கண்டதுண்டு. மருதத்தின் உரி ஊடல். ஸ்டூர் ஓவியங்களில் ஊடல் எங்கே? அப்பெயர் ஈண்டு ஒட்டுச்சீட்டாய் நிற்குமேயன்றி விளக்கமாகாது.

உண்மையை வேறிடத்தில் தேடுதல் வேண்டும். ஆறடிப் படங்கள் எனப்படும் ஸ்டூர்ப் பெரும்படங்கள் 1819 முதல் 1825 வரை வெளிவந்தன. 1816ஆம் ஆண்டு மே மாதத்தில் தந்தை இறந்தார்; தொழில் இளவல் ஆபிரகாமின் கைக்கு வந்தது; அக்டோபரில், பெண்வீட்டாரின் நெடுநாள் எதிர்ப்பைக் கடந்து மரியா பிக்னெலை மணந்து கான்ஸ்டபிள் இலண்டனில் நிலைத்தார். ஆகவே ஸ்டூர்க்கரையின் பெரும்படங்கள் ஸ்டூர்க்கரையில் தீட்டப்பட்டவை அல்ல. பழைய வரைவேடுகளைக் கொண்டும், ஒவ்வொரு படத்திற்கும் அதேயளவில் ஒரு முதல்வரைவு தீட்டியும், இலண்டன் ஓவியக்கூடத்தில் அவை உருவாயின. ‘வைக்கோல் வண்டி’க்கு வண்டியின் அமைப்பு நினைவிற்கு எட்டாதபோது, டன்தார்னின் மகன் வரைந்த படத்தை ஊரிலிருந்து பெற வேண்டியிருந்தது.

1821ஆம் ஆண்டு அக்டோபர் மடலில், ஆலையணையினின்று நீர் வழியும் ஓசை, அலரி மரங்கள், உளுத்த பலகைகள், பாசி படிந்த கம்பங்கள், செங்கற்சுவர் ஆகியவற்றைத் தாம் நேசிப்பதாகவும், ஸ்டூர்க்கரையே தம்மை ஓவியராக்கியது எனவும் அவர் எழுதினார். உளுத்ததும் பாசி படிந்ததும் ஏன் இனிக்க வேண்டும்? இளமையோடு அவை பிணைந்தமையால் இனிக்கின்றன. இளமையோ திரும்ப வாராது. எனவே இப்படங்களின் உரிப்பொருள் பிரிவு எனத் துணியலாம். பிரிந்தவர் மனிதரைப் பிரிந்தாரல்லர். இடத்தையும் பருவத்தையும் பிரிந்தார். வளமிக்க ஆற்றுநிலம் பிரிவின் களனாக அமைந்தமையே இவற்றின் தனித்தன்மை. இலைகளின்மேல் அவர் தெளித்த வெண்புள்ளிகளை அக்காலத்தார் எள்ளி நகைத்தனர்; கண் சிமிட்டுமுன் மறையும் ஒளியைப் பற்றிவைக்கும் முயற்சியே அது.

1828ஆம் ஆண்டு நவம்பரில் மரியா என்புருக்கி நோயால் இறந்தார், குழந்தைகள் எழுவர். அடுத்த ஆண்டில் கான்ஸ்டபிள் ‘ஹாட்லி கோட்டை’யைக் காட்சிக்கு வைத்தார். தேம்ஸ் ஆறு கடலொடு கலக்குமிடத்தின் மேட்டில் இடிந்து நிற்கும் கோபுரங்கள், பறக்கும் கடற்புட்கள், தனித்த ஓர் ஆயன், புயலிரவுக்குப் பிந்திய காலை. அவ்விடத்தை அவர் நேரிற் கண்டு வரைந்தது 1814ஆம் ஆண்டிலேயே. 15 ஆண்டுகள் வரைவேட்டிற் கிடந்த கோட்டை, துயரம் வந்தபோது ஓவியமாயிற்று. நிலம் ஊக்கம் தரும் என்பர். ஈண்டோ நிலம் காத்திருந்தது, உணர்வு வந்து அதனை எடுத்துக்கொண்டது.

கடற்கரையும் இரங்கலும் இயைந்தமையின் இதனை நெய்தல் என்று மகிழத் தோன்றும். அதுவும் பொருந்தாது. நெய்தலின் இரங்கல் மீண்டு கூடுதற்கு இடமுள்ள இரங்கல். மனைவியை இழந்த கணவனின் நிலை அகத்தில் அன்று, புறத்தில் வைக்கப்பட்டது. காஞ்சித்திணையின் தபுதார நிலை அது. இப்படத்தின் தலைப்பில் இடப்பெயரும் பொழுதும் ஒருங்கே கூறப்பட்டமையும் கருதத்தக்கது. ‘நண்பகல்’ எனப் பெயர் மறைத்தவர், ஈண்டு இடத்தைப் பெயரிட்டே சொன்னார். இவ்வொற்றுமையை ஓர் அளவிற்குமேல் வற்புறுத்த நான் விழையவில்லை. அகம் புறம் என்னும் பகுப்பு எழுப்பும் வினா பயனுடையது என்பதே என் கருத்து.

7. ஒரு தடை

இவ்வளவும் ஓவியரின் நெஞ்சை நோக்கிக் கூறியவை. அந்நிலத்தில் உழைத்தோரின் நிலை யாது என ஒருவர் வினவலாம். வினவுதல் முறையே. 1815ஆம் ஆண்டில் நெப்போலியப் போர் முடிந்தபின் தானிய விலை வீழ்ந்தது, கூலியாட்கள் வறுமையுற்றனர், 1816இலும் 1822இலும் கிழக்கு மாவட்டங்களில் கலகங்களும் தீவைப்புகளும் நிகழ்ந்தன. ஊரின் அண்மையிலும் சேய்மையிலும் இரவுதோறும் தீ தெரிவதாகத் தம்பி வருந்துவதைக் கான்ஸ்டபிளே 1822ஆம் ஆண்டில் ஃபிஷருக்கு எழுதினார். ‘வைக்கோல் வண்டி’ தீட்டப்பட்டதற்கு அடுத்த ஆண்டு அது. அத்தீயின் புகை அவர் வானத்தில் யாண்டும் இல்லை. உழைப்போர் தொலைவில் மங்கிய சிற்றுருக்களாகவே வைக்கப்பட்டனர் என ஜான் பேரல் 1980ஆம் ஆண்டில் எழுதிய நூலில் சுட்டிக்காட்டினார்.

இத்தடைக்கு ஓரளவு மறுமொழி உண்டு. பிற ஓவியர் உழைப்பை அறவே மறைத்து இடையரையும் இடிபாட்டையும் தீட்டிய காலத்தில், இவர் படகு கட்டுதலையும் மதகு திறத்தலையும் பெரும்பொருளாக்கினார். தொழிலின் கருவிகளை இவர் அளவுக்கு அறிந்து தீட்டியோர் அரியர். ஆயினும் தடை முற்றும் நீங்கவில்லை. அவர் ஆலையுடையார் மகன். ஆலையுடையார் இல்லத்துச் சாளரத்தினின்று நோக்கினால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவே தெரிந்தது. அவர் படங்களில் தொழிலாளர் கருப்பொருளாக நிற்கின்றனர். உரிப்பொருள் அவர்கட்கு அளிக்கப்படவில்லை. பிரிவும் ஏக்கமும் ஓவியர்க்கே உரியன.

இதனைக் கூறி நாம் தப்பிவிட இயலாது. அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைத்த மரபு நம்முடையது. மருதப் பாட்டில் உழவர் ஆரவாரம் கேட்கும். அவ்வுழவர் நெஞ்சு பேசுதல் அரிது. தொழிலைக் கருப்பொருளாக எண்ணிய இலக்கணம், தொழில் செய்வோர்க்கு உரிப்பொருளை எந்த அளவிற்கு ஒப்பியது என்பது நம் ஆராய்ச்சியாளர் இன்னும் நிரம்ப ஆராய வேண்டிய பொருள். அயலார் ஓவியம் ஒன்றை நோக்கியபின் நம் நூலை மீண்டும் நோக்குங்கால் இவ்வினா தெளிவாக எழுகின்றது.

8. முடிவுரை

கான்ஸ்டபிள் வாழ்ந்த காலத்திலேயே அப்பகுதி ‘கான்ஸ்டபிள் நாடு’ எனப் பெயர் பெற்றது. வண்டியிற் சென்ற வழிப்போக்கர் ஒருவர் அவரை இன்னாரென்று அறியாது அவரிடமே அவ்வாறு கூறினார் என லெஸ்லி எழுதுகின்றார். நிலம் ஓவியரை ஆக்கியது என்று தொடங்கிய வரலாறு, ஓவியர் நிலத்தை ஆக்கினார் என்று முடிந்தது. இன்று ஃபிளாட்ஃபோர்டு ஆலையும் வில்லி லாட் வீடும் காக்கப்படுகின்றன. காண வருவோர், ஓவியத்தோடு இடம் ஒத்துள்ளதா என்று நோக்குகின்றனர். ஒவ்வாத இடமே நமக்குப் பாடம் என்பதை மேலே கண்டோம்.

இவ்வாய்வாற் பெறப்படுவன மூன்று. ஒன்று, இடத்தை அறிந்த கலைஞர் இடத்திற்கு அடிமையாகார். பூவை மாற்றாதவர் கோயிலைப் புனைவார். இரண்டு, நிலம் கலையாவதற்கு அண்மை மட்டும் போதாது. பிரிந்து நின்று நினைக்கும் சேய்மையும் வேண்டும். மூன்று, முதல் கரு உரி என்னும் பகுப்பைப் பெயரிடப் பயன்படுத்தினால் அது பிழைபடும். வினவப் பயன்படுத்தினால் எந்நாட்டுக் கலைக்கும் ஒளி தரும், நமக்கே தெரியாதிருந்த நம் குறையையும் காட்டும். திணையைப் பிறநாட்டுக் கலைக்கு ஏற்றிக் கூறி மகிழ்வோர், அவ்வாறு காட்டப்பெறும் குறையையும் ஏற்கும் துணிவுடையராதல் வேண்டும்.